ரிக் வேலையும் வெல் கன்ட்ரோல் சான்றிதழும்: நம் பிள்ளைகள் அறிய வேண்டியவை

(இருங்காட்டுக்கோட்டையில் நமது டிரஸ்டு நடத்திய தொழில் வழிகாட்டுக் கூட்டத்தில், வளைகுடா எண்ணெய் வயல்களில் நெடுங்காலம் பணியாற்றித் திரும்பிய சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, தாய்மார்களே, ஷிப்ட் முடிந்து தூக்கம் கலையாத கண்களோடு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே!

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. ரிக்கில் இன்ஜின் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசித்தான் பழக்கம். ஆனாலும் டிரஸ்டு நிர்வாகிகள் கேட்டபோது மறுக்க முடியவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு தாய் கல்வி உதவி நிதிக்கு மனு கொடுத்திருந்தார். மகனுக்கு 22 வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, இங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கிறான். ஓர் ஏஜென்ட் அவர்களிடம், "வெல் கன்ட்ரோல் சூப்பர்வைசர் சான்றிதழ் எடுத்துத் தருகிறேன். பரீட்சைக்குப் போகவே வேண்டாம். அதை வைத்துக் கத்தாரில் ரிக் சூப்பர்வைசர் வேலை" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பாதிப் பணத்தை அந்த அம்மா நகையை அடகு வைத்துத் திரட்டிவிட்டார். மீதிக்கு டிரஸ்டிடம் வந்தார். நிர்வாகிகள் மனுவை என்னிடம் காட்டி, "பாய், இது என்ன சான்றிதழ்? கொடுக்கலாமா?" என்று கேட்டார்கள். அந்த அம்மாவின் அனுமதியோடுதான், பெயர் சொல்லாமல், இதை இங்கே சொல்கிறேன். என் பதில்தான் இன்றைய பேச்சு.

வெல் கன்ட்ரோல் என்றால் என்ன?

நம் ஊரில் போர் போடும் லாரியைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் திருச்செங்கோட்டு வண்டி. 600 அடி, 800 அடி துளை போடுவார்கள். தண்ணீர் பீறிட்டால் நமக்குச் சந்தோஷம். எண்ணெய்க் கிணறும் துளைதான். ஆனால் ஆழம் பத்தாயிரம் அடி, அதற்கு மேலும் போகும். அடியில் இருப்பது எண்ணெயும் எரிவாயுவும். அது சொல்லாமல் மேலே வந்தால் சந்தோஷம் இல்லை, மவுத்துதான்.

அதை எது அடக்கி வைக்கிறது? இதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்தால் ஆழம் 24 அடி. அந்த 24 அடித் தண்ணீர் ஏரியின் அடித்தரையில் கொடுக்கும் அழுத்தம் சுமார் 10 பி.எஸ்.ஐ. இங்கே கார் கம்பெனியில் டயருக்குக் காற்று அடிக்கும் தம்பிகளுக்குத் தெரியும், டயரில் அதைவிட மூன்று மடங்கு இருக்கும். ஆனால் அதே தண்ணீரை 10,000 அடி உயரத்துக்கு ஒரு குழாயில் நிறுத்தினால் அடியில் 4,330 பி.எஸ்.ஐ. வந்துவிடும். ரிக்கில் வெறும் தண்ணீர் போதாது. களிமண்ணும் பாரைட் என்னும் கனமான தாதுத் தூளும் கலந்த திரவத்தைப் பயன்படுத்துகிறோம். அதற்கு 'மட்' என்று பெயர். பக்கத்து ஆந்திராவின் மங்கம்பேட்டையில் இந்தப் பாரைட் பெரிய அளவில் கிடைக்கிறது. அந்த மட்டின் கனம்தான் கிணற்றின் முதல் காவல்.

மட்டின் அழுத்தம் பூமியின் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் அடியிலிருந்து வாயு கிணற்றுக்குள் நுழைந்துவிடும். அதை 'கிக்' என்பார்கள். கிக்கைக் கவனித்து உடனே மூடிவிட்டால் அது அன்றாட வேலைகளில் ஒன்று. கவனிக்காமல் விட்டால் 'புளோ அவுட்'. வாயு மேலே வர வர அழுத்தம் குறைகிறது, அதனால் விரிகிறது. அடியில் 5,200 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஒரு பீப்பாய் இடத்தை அடைத்த வாயு, சும்மா விட்டால் தரைக்கு வரும்போது, எளிய கணக்கில், முந்நூற்றைம்பது பீப்பாய் அளவுக்கு ஊதிவிடும். அந்த விரிவில் பெரும்பகுதி மேற்பரப்பை நெருங்கும் கடைசித் தூரத்தில்தான் நடக்கிறது. அதனால்தான் முதலில் ஒன்றுமே இல்லாதது போலிருந்து, பிறகு ஓடக்கூட நேரம் இருக்காது.

இரண்டாவது காவல், கிணற்றின் வாயில் நிற்கும் பி.ஓ.பி. என்ற பெரிய வால்வு அடுக்கு. ஹைட்ராலிக் அழுத்தத்தால் மூடும். ஒன்று ரப்பர் வளையத்தால் குழாயைச் சுற்றி இறுக்கும். ஒன்று குழாயின் அளவுக்கேற்ற இரும்புத் தாடைகளால் பிடிக்கும். ஒன்று குழாயையே வெட்டி அடைக்கும். பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் தம்பிகளுக்கு இந்த இயந்திரம் அந்நியமாகத் தெரியாது.

மூடிய பிறகு உள்ளே வந்த வாயுவை அளவோடு வெளியேற்ற வேண்டும். 2015 டிசம்பர் 1 இரவை நாம் யாரும் மறக்கவில்லை. நிறைந்த ஏரியில் எவ்வளவு திறப்பது, எப்போது திறப்பது என்பது எத்தனை வீடுகளின் கதி என்று அன்று பார்த்தோம். கிணற்றிலும் அதே கேள்விதான். 'சோக்' என்ற வால்வை அதிகம் திறந்தால் இன்னும் வாயு உள்ளே வரும். அதிகம் அடைத்தால் அடியில் பாறை பிளக்கும். இந்தக் கணக்கைத் தெரிந்தவர்தான் சூப்பர்வைசர்.

அந்தக் கணக்கில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கிணறு 10,000 அடி. உள்ளே இருக்கும் மட்டின் கனம் கேலனுக்கு 10 பவுண்டு. மூடியபின் டிரில் பைப் கேஜ் 520 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. இப்போது எந்தக் கன மட் தேவை? 520-ஐ 0.052-ஆலும் 10,000-ஆலும் வகுத்தால் 1. ஆகவே 11 பவுண்டு மட். பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் சைரன் அடிக்க, ஐம்பது பேர் உங்கள் முகத்தைப் பார்க்க, நடு இரவில் அதைப் பிழையில்லாமல் போட வேண்டும். பயிற்சி என்பது அதற்குத்தான்.

சான்றிதழை யார் தருகிறார்கள்?

உலகம் முழுக்க ஏற்றுக்கொள்ளப்படும் சான்றிதழ்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று ஐ.டபிள்யூ.சி.எஃப்., 1992-இல் தொடங்கியது, தலைமையகம் ஸ்காட்லாந்து. இன்னொன்று அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருக்கும் ஐ.ஏ.டி.சி. என்ற டிரில்லிங் கம்பெனிகளின் சங்கம் தருவது, 'வெல்ஷார்ப்' என்று பெயர். ஐ.டபிள்யூ.சி.எஃப்.பில் படிகள் உண்டு. முதல் படி பொது அறிமுகம். இரண்டாவது ரிக் தொழிலாளிக்கு. மூன்றாவது டிரில்லருக்கு. நான்காவது சூப்பர்வைசருக்கு. மூன்று, நான்காம் படிகளில் எழுத்துப் பரீட்சையோடு சிமுலேட்டர் பரீட்சையும் உண்டு. அசல் ரிக்கைப் போன்ற பலகையின் முன் உங்களை நிறுத்தி, கிக்கை வரவழைத்து, என்ன செய்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். இந்தச் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு மறுபடி உட்கார வேண்டும். முப்பது வருட அனுபவசாலியும் உட்கார வேண்டும்.

நம் நாட்டில் எண்ணெய்க் கிணறு சட்டப்படி ஒரு சுரங்கம். சுரங்கப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கான விதிமுறைகளும் பொருந்தும். தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் கண்காணிக்கிறது. ஓ.என்.ஜி.சி.யின் டிரில்லிங் தொழில்நுட்ப நிறுவனம் டேராடூனில் இருக்கிறது. அங்கே வெல் கன்ட்ரோலுக்கென்றே ஒரு பள்ளி உண்டு.

சான்றிதழ் இருந்தால் போதுமா?

இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். போதாது.

1995 ஜனவரி 8 அன்று ஆந்திராவில் கோதாவரிக் கழிமுகத்துப் பாசர்லபூடியில் ஓ.என்.ஜி.சி. கிணறு ஒன்று வெடித்துத் தீப்பிடித்தது. 65 நாள் எரிந்தது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைஸன் ரிக்கில் 11 பேர் இறந்தார்கள். அங்கே இருந்தவர்கள் பயிற்சி இல்லாதவர்கள் அல்ல. கிணறு அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனையின் முடிவு சரியாக இல்லை. அதற்கு ஒரு சமாதானம் சொல்லி, சரி என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் உலக எண்ணெய்க் கம்பெனிகள் கூடி, 2012-இல் வெல் கன்ட்ரோல் பயிற்சியைக் கடுமையாக்கப் பரிந்துரை செய்தன.

நமக்கு இன்னும் பக்கத்தில், 2020 மே 27 அன்று அஸ்ஸாமின் தின்சுகியா மாவட்டத்தில் பாக்ஜான் என்ற ஊரில் ஆயில் இந்தியாவின் கிணறு ஒன்று பராமரிப்பு வேலையின்போது பீறிட்டது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீட்டைவிட்டு முகாம்களுக்குப் போனார்கள். பக்கத்துச் சதுப்பு ஏரியும் வயல்களும் பாழாயின. நவம்பர் 15 அன்றுதான் முழுதாக அணைத்தார்கள். கிட்டத்தட்ட ஐந்தரை மாதம். அந்தக் கிராமத்து ஏழைகள் யாரும் ரிக்கில் வேலை பார்த்தவர்கள் இல்லை. நாட்டு நெருப்பு அவர்கள் கூரைக்கு வந்தது. ஆகவே, கிணற்றின் தலைமாட்டில் நிற்பவன் கையில் இருப்பது அவன் சம்பளம் மட்டுமில்லை.

என் தவறு ஒன்று

இனி என் கதை. இதை என் பிள்ளைகளுக்கே சில வருடம் முன்புதான் சொன்னேன்.

நான் அப்போது ஒரு வளைகுடா நாட்டில் அசிஸ்டென்ட் டிரில்லர். இரவு ஷிப்ட். கிணற்றிலிருந்து டிரில் பைப்பை வெளியே இழுத்துக்கொண்டிருந்தோம். பைப்பை வெளியே எடுத்தால் அதன் இரும்பு அடைத்திருந்த இடம் காலியாகும். அந்த இடத்துக்கு மட் ஊற்றி நிரப்ப வேண்டும். ஐந்து ஸ்டாண்டு எடுத்தால் கிணறு ஏறத்தாழ மூன்றரை பீப்பாய் மட் குடிக்க வேண்டும். குடிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் வேறு ஏதோ வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கணக்கைத் தாளில் எழுதுவது என் வேலை.

முதல் ஐந்து ஸ்டாண்டுக்கு இரண்டரை பீப்பாய்தான் குடித்தது. எழுதினேன். பேசவில்லை. ஒரு மாதம் முன்பு நான் ஒருமுறை வேலையை நிறுத்தச் சொன்னபோது, அது வேறு தொட்டியிலிருந்து யாரோ மட் மாற்றியதால் வந்த குழப்பம் என்று தெரிந்தது. டிரில்லர் எல்லோர் முன்னாலும் என்னை ஏசினார். அந்த வெட்கம் இன்னும் நெஞ்சில் இருந்தது. 'இன்னும் ஐந்து ஸ்டாண்டு பார்ப்போம்' என்று இருந்துவிட்டேன். அடுத்த ஐந்துக்கு இரண்டு பீப்பாய். அப்போதுதான் கை நடுங்கிப் போய்ச் சொன்னேன். அவர் தாளைப் பார்த்தார். உடனே நிறுத்தினார். பம்ப் ஓடாமலே கிணறு வழிந்துகொண்டிருந்தது. பைப்பில் வால்வைப் பூட்டி, பி.ஓ.பி.யை மூடினோம். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிணற்றைச் சரிக்கட்ட இரண்டு நாள் ஆனது.

மறுநாள் சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் அழைத்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன். என்னிடம், "முதல் ஐந்தில் ஏன் சொல்லவில்லை?" என்றார். உண்மையைச் சொன்னேன். பிறகு டிரில்லரிடம் திரும்பி, "உன் ஆள் உன்னிடம் பேசப் பயப்படுகிறான். அடுத்த கிக் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த டிரில்லர் அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிப்டு தொடங்கும்போதும், "சந்தேகம் வந்தால் நிறுத்து, தப்பாக இருந்தாலும் பரவாயில்லை" என்று எல்லோரிடமும் சொல்வார். பிறகு நான் டிரில்லரானபோதும், சூப்பர்வைசரானபோதும் அதையே சொன்னேன்.

எனக்கும் அந்த நேரம் சான்றிதழ் இருந்தது. நல்ல மார்க்கோடு இருந்தது. பரீட்சையில் இந்தக் கேள்விக்குச் சரியாக விடை எழுதியவன்தான் நான். அப்படிப் படித்து எழுதியவனுக்கே அந்த இரவில் தைரியம் வர நேரமாயிற்று. பரீட்சைக்கே போகாமல் காசு கொடுத்து வாங்கியவன் அந்த இடத்தில் நின்றால் என்ன ஆகும்? அவனுக்கு அந்தத் தாளில் இருக்கும் எண்ணே புரியாது.

இங்கே கம்பெனிகளில் இருக்கும் தம்பிகளும் யோசியுங்கள். டார்கெட்டுக்காகச் சென்சாரை மறைத்து மெஷினை ஓட்டுவது, பூட்டுப் போடாமல் ரிப்பேருக்குக் கை விடுவது, எல்லாம் இதே கதைதான். ஒட்டகத்தைக் கட்டிப் போட்டுவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

ஆகவே என்ன செய்யலாம்?

அந்த மனுவுக்கு நான் சொன்ன பதில் இது. இந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். காரணம் மூன்று.

முதலாவது, பரீட்சை இல்லாத சான்றிதழ் பொய்ச் சான்றிதழ். இந்தச் சான்றிதழ்களுக்கு எண் உண்டு. வழங்கிய அமைப்பிடமே அதைச் சரிபார்க்கலாம், கம்பெனிகள் சரிபார்க்கின்றன. பிடிபட்டால் வேலை போகும், வெளிநாட்டில் வழக்கும் வரும். பிடிபடாவிட்டால் அதைவிட மோசம். ஒரு ரிக் முழுக்க உயிரை அமானிதமாக அவனிடம் கொடுத்துவிட்டுத் தூங்குவார்கள். அந்தச் சம்பளத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்?

இரண்டாவது, ரிக்கில் ஒருநாளும் நின்றிராத 22 வயதுப் பையனை யாரும் சூப்பர்வைசராக எடுப்பதில்லை. பாதை நீளமானது. முதலில் ரவுஸ்டபவுட், அதாவது எடுபிடி வேலை. பிறகு ஃப்ளோர்மேன், டெரிக்மேன், அசிஸ்டென்ட் டிரில்லர், டிரில்லர், டூல் புஷர். இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு வேறு வழி உண்டு, ஆனால் அவர்களும் சில வருடம் ரிக்கில் நின்றே ஆக வேண்டும். சான்றிதழ் அந்தந்தப் படிக்கு ஏற்ப எடுப்பது. பெரும்பாலும் வேலையில் சேர்ந்தபின் கம்பெனியே தன் செலவில் அனுப்பும்.

மூன்றாவது, ஏஜென்ட். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் ரொக்கமாகக் கேட்டு, ரசீது தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. அடகுக் கடைக்குப் போவதற்கு முன் அங்கே போய்க் கேளுங்கள்.

'அப்படியானால் என் பிள்ளைக்கு வழியே இல்லையா?' என்று அந்த அம்மா கேட்டார். இருக்கிறது. அவன் இப்போதிருக்கும் வேலையிலேயே ஹைட்ராலிக்ஸ், வால்வு, பம்ப் பராமரிப்பு, வெல்டிங் இவற்றில் ஒன்றை நன்றாகப் பிடிக்கட்டும். ரிக்கில் மெக்கானிக்குக்கும் ஹைட்ராலிக் டெக்னீஷியனுக்கும் என்றும் தேவை உண்டு. அனுபவச் சான்றிதழைக் காண்ட்ராக்டரிடம் கேட்டு வாங்கி வைக்கட்டும். நம் பையன்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை. ஆங்கிலம் பேசப் பழகட்டும். ரிக்கில் அபாயத்தைச் சொல்லும் மொழி அதுதான். கடல் ரிக்குக்குப் போக விரும்பினால் நீச்சலும் கற்கட்டும். டிரஸ்டு பணம் கொடுப்பதானால் இவற்றுக்குக் கொடுக்கலாம். அடகு வைத்த நகையை மீட்க ஒரு கர்ளன் ஹஸனா கொடுத்தாலும் நல்லது. முடிவு நிர்வாகிகளுடையது.

ஒரு விஷயம் மட்டும் பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை வீட்டில் ஒரு தவறைச் சொன்னால் எல்லோர் முன்னாலும் ஏசாதீர்கள். 'நான் ஏஜென்டிடம் ஏமாந்துவிட்டேன் அத்தா' என்று சொல்ல அவனுக்கு வீட்டில் இடம் இருக்க வேண்டும். அந்தப் பையன் ஏஜென்ட் மீது முதல் வாரத்திலேயே சந்தேகப்பட்டிருக்கிறான். அம்மா நகையை வைத்துவிட்டாரே என்று வாய் திறக்கவில்லை. நான் அந்த ஐந்து ஸ்டாண்டு மௌனமாக இருந்ததைப் போலத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நான் பள்ளியில்தான் இருப்பேன். ரிக் வேலைக்குப் போக நினைக்கும் தம்பிகள் யாராக இருந்தாலும் வாருங்கள். எந்தக் கடிதம், எந்தச் சான்றிதழ் வந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பார்ப்போம். இதற்குக் கட்டணம் கிடையாது, துஆ மட்டும் போதும்.

நம் பிள்ளைகளின் உழைப்பையும் அவர்களை நம்பி நிற்பவர்களின் உயிரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.